ஆவிக்கேற்றபடி நடத்தல்: காணிப் பிணக்கோடு வந்த ஒரு கேள்விக்குப் பதில்

தம்பி, இந்தப் பதிலை வேறு பலரும் வாசிப்பார்கள் என்பதால், உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட அளவில் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வட இலங்கையின் வன்னியில், வவுனிக்குளத்துப் பாசனத்தின் கீழ் உங்கள் தகப்பனாருக்கு அரசாங்கப் பெர்மிட்டில், அதாவது காணி அனுமதிப்பத்திரத்தில், கிடைத்த மூன்று ஏக்கர் வயல், அவர் காலமான பின் மூத்த மகனாகிய உங்கள் பெயருக்கு வந்தது. இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து வவுனியாவுக்குப் போய்க் கூலி வேலை செய்து, பின்பு ஊர் திரும்பிய உங்கள் தம்பி அதில் பாதியைக் கேட்கிறார். நீங்கள் கொடுக்கவில்லை. நான்கு வருடங்களாக இருவருக்கும் பேச்சில்லை. நீங்களோ இதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்று, குடியையும் புகைத்தலையும் விட்டு, வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து வருகிறீர்கள். சட்டம் உங்கள் பக்கம் இருப்பதால் காணி விடயத்தில் உங்கள்மேல் பாவமில்லை என்றும், மாம்ச இச்சைகளை மட்டும் ஜெபத்தினாலும் உபவாசத்தினாலும் அழித்து வரவேண்டும் என்றும் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனாலும் அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சபையில் வாசிக்கப்படும்போதெல்லாம் உங்களுக்கு மனம் இருப்புக்கொள்ளவில்லை. மாம்ச இச்சை என்பது எது, மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டும் என்ற ஆசையும் அதில் அடங்குமா, ஆவியைப் பெற்றேன் என்று சாட்சி சொன்ன பிறகும் தம்பியைக் கண்டவுடன் உள்ளம் ஏன் கொதிக்கிறது என்று கேட்கிறீர்கள்.

வருடக்கணக்காகப் பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் படிப்பித்தவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் மூன்று கேள்விகளாகக் கேட்டவை என் பார்வையில் ஒரே கேள்விதான். அதற்குப் பதில் நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் இடத்தில், அதாவது உபவாசத்திலும் உடலை ஒடுக்குவதிலும் அல்ல, நீங்கள் பாராமல் கடந்து போகிற தம்பியின் வீட்டு வாசற்படலையில் இருக்கிறது.

முதலில் மாம்சம் என்ற அந்தச் சொல்லைப் பார்ப்போம். நம்மில் பலர் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் "ஆவிக்கேற்றபடி நடந்துகொள்ளுங்கள், அப்பொழுது மாம்ச இச்சையை நிறைவேற்றாதிருப்பீர்கள்" என்று இருக்கிறது. மாம்சம் என்றதும் நம் காதில் விழுவது இறைச்சி, அல்லது உடம்பு. பவுல் எழுதிய கிரேக்கச் சொல் சார்க்ஸ் என்பது. அதற்குத் தசை என்ற பொருளும் உண்டு, ஆனால் இந்த அதிகாரத்தில் அவர் உடம்பைக் குறை சொல்லவில்லை. கத்தோலிக்க உறவினர் வீட்டில் உள்ள திருவிவிலியத்தைத் திறந்து பாருங்கள், அங்கே இதே இடத்தில் "ஊனியல்பு" என்று மொழிபெயர்த்திருப்பார்கள். இயல்பு என்ற சொல்லைச் சேர்த்தது நல்ல காரியம் என்பது என் எண்ணம், ஏனென்றால் மனிதன் தன்னையே நடுவாக வைத்துக்கொண்டு, கடவுளையும் அயலானையும் ஓரத்துக்குத் தள்ளி வாழ்கிற அந்தப் போக்கைத்தான் பவுல் இங்கே மாம்சம் என்கிறார்.

உடம்பே பகை என்றால் யோவான் சுவிசேஷம் "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று சொல்லியிராது. அங்கேயும் இதே கிரேக்கச் சொல்தான் வருகிறது. கொரிந்தியருக்கு எழுதும்போது, உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியினுடைய ஆலயம் என்று பவுலே சொல்கிறார். வன்னியில் இதை நாம் மற்ற எவரையும்விடக் கவனமாகப் போதிக்கவேண்டும். போரின் கடைசிக் கட்டமான 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களைக் கடந்து வந்த நம் கிராமங்களில், ஒரு காலை இழந்தவர்களும், எறிகணைத் துண்டை இன்னும் உடம்புக்குள் சுமந்துகொண்டு மழைக்காலத்தில் வேதனைப்படுகிறவர்களும் ஆலயத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று உடம்பை வெறுக்கச் சொல்லிப் பிரசங்கிப்பது வேதத்தையும் அறியாத, மனிதரையும் அறியாத பேச்சு.

அடுத்து, மாம்சத்தின் கிரியைகள் என்று பவுல் தரும் பட்டியலை நீங்களே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் பதினேழு கிரியைகள் உள்ளன. விபசாரம், வேசித்தனம், அசுத்தம், காமவிகாரம் என்ற நான்கு முதலில் வருகின்றன. விக்கிரகாராதனை, பில்லிசூனியம் என்ற இரண்டு அடுத்து வருகின்றன. வெறிகள், களியாட்டுகள் என்ற இரண்டு கடைசியில் நிற்கின்றன. நடுவில் இருப்பவை எவை? பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள் என எட்டு, அவற்றின் முடிவில் கொலைகள். பதினேழில் ஒன்பது, அயலானோடும் சகோதரனோடும் நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியவை. நீங்கள் விட்டுவிட்ட குடி அந்தப் பட்டியலில் பதினாறாவது. விடாமல் வைத்திருப்பது ஏழாவதும் எட்டாவதும்.

குடியை விட்டது சிறிய காரியமென்று நான் சொல்லவில்லை. கள்ளச் சாராயமாகிய கசிப்பால் அழிந்த குடும்பங்களை நம் பகுதியில் நாம் எல்லோரும் அறிவோம், நீங்கள் அதிலிருந்து வெளியே வந்தது தேவ கிருபை. ஆனால் பிரசங்கங்களில் முதல் நான்கும் கடைசி இரண்டும் திரும்பத் திரும்ப ஒலிக்க, நடுவில் உள்ளவை வாசித்த வேகத்திலேயே கடந்துபோவதை நான் இளவயதிலிருந்தே கவனித்து வந்திருக்கிறேன். மார்க்கபேதங்கள் என்ற சொல்லில் நின்று பேசினால், ஒரே சந்தியில் மூன்று சபைகள் ஒன்றையொன்று பாராமல் ஒலிபெருக்கி வைத்திருப்பதைப் பற்றியும் பேசவேண்டி வரும். அது எளிதல்ல. குடிகாரர் சபைக்கு வெளியே இருப்பதால் அவரைப் பற்றிப் பேசுவது எளிது.

கலாத்தியருக்கு இந்த அறிவுரை ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவோம். இன்றைய துருக்கி நாட்டின் உள்பகுதியில் இருந்த அந்தச் சபைகளில், யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் செய்து, மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளவேண்டும் என்று சிலர் வற்புறுத்தியதால் பெரிய பிளவு உண்டாகியிருந்தது. பக்தியில் குறைந்தவர்கள் அல்ல அவர்கள். பக்தியைப் பற்றித்தான் சண்டையே நடந்தது. அவர்களைப் பார்த்துத்தான் பவுல், "நீங்கள் ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தீர்களானால் அழிவீர்கள்" என்று, நாய்ச் சண்டையைச் சொல்வதுபோலச் சொல்கிறார். அதற்கு அடுத்த வசனம்தான் ஆவிக்கேற்றபடி நடந்துகொள்ளுங்கள் என்பது. இரண்டுக்கும் இடையில் மூச்சுவிடும் நேரம்கூட இல்லை. அந்த வசனத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சுவரில் எழுதி வைத்தால், அது எதற்காகச் சொல்லப்பட்டது என்பதே மறந்துபோகும்.

இனி ஆசையைப் பற்றி. நாம் தமிழர், சைவச் சூழலில் வளர்ந்தவர்கள். "ஆசை அறுமின்கள் ஆசை அறுமின்கள், ஈசனோடாயினும் ஆசை அறுமின்கள்" என்ற திருமூலர் வாக்கைக் கோயில் வீதியில் கேட்டிருக்கிறோம். திருக்குறளில் அவாவறுத்தல் என்று ஓர் அதிகாரமே மனப்பாடம் செய்திருக்கிறோம். அவை ஆழமான நெறிகள், அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமுமில்லை, உரிமையுமில்லை. ஆனால் அந்தக் காதோடு பவுலை வாசிக்கும்போது, ஆசை என்பதே பாவம், ஆசையில்லாத நிலையே ஆவிக்குரிய நிலை என்று நாம் அறியாமலே மாற்றி வாசித்துவிடுகிறோம். பதினேழாம் வசனத்தை நிதானமாகப் பாருங்கள்: "மாம்சம் ஆவிக்கு விரோதமாகவும், ஆவி மாம்சத்துக்கு விரோதமாகவும் இச்சிக்கிறது." ஆவியும் இச்சிக்கிறது! மாம்சத்துக்குச் சொன்ன அதே வினைதான் ஆவிக்கும். கடைசி இராப்போசனத்தில் ஆண்டவர், பாடுபடுவதற்கு முன்னே உங்களோடு இந்தப் பஸ்காவைப் புசிக்க மிகவும் ஆசையாயிருந்தேன் என்று சொன்னதாக லூக்கா எழுதுகிறார். அங்கே மூலத்தில் வருவதும், பவுல் இங்கே இச்சை என்று எழுதிய அதே சொல்லும் அதன் வினையும்தான். ஆகவே ஆசை இருக்கிறதா இல்லையா என்று உங்களைச் சோதித்துக்கொண்டிருக்கவேண்டியதில்லை. அந்த ஆசை எந்தப் பக்கம் வளைகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

மார்ட்டின் லூதர் 1515ஆம், 1516ஆம் ஆண்டுகளில் ரோமர் நிருபத்துக்கு நடத்திய விரிவுரைகளில், பாவத்தில் உள்ள மனிதனைத் தன்னுள்ளேயே வளைந்தவன் என்று விளக்கினார். நமக்கு அதை விளங்கிக்கொள்ள அதிகம் கஷ்டப்படத் தேவையில்லை. சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைந்து, வாய்க்காலில் முறை வைத்து விடும் நாள்களில், இரவு பத்து மணிக்குப் பிறகு மண்வெட்டியோடு போய் வாய்க்கால் கரையை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ளும் ஆளை நாம் அறிவோம். சில வருடங்களில் அந்த ஆள் நாமாகவும் இருந்திருக்கிறோம். தண்ணீர் தீயதல்ல, பயிருக்குத் தண்ணீர் வேண்டும் என்ற ஆசையும் தீயதல்ல. கடைவாய்க்காலில் இருப்பவனுடைய பயிரும் பயிர்தான் என்பதை மறந்து, வருகிறதை எல்லாம் தன் பக்கம் வளைக்கிறதே, அந்த வெட்டுத்தான் மாம்சம்.

உங்கள் மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப விரும்புவது மாம்ச இச்சையல்ல. இந்தக் கவலையை இன்றே விட்டுவிடுங்கள். அவளுடைய படிப்புச் செலவுக்காகவே தம்பிக்கு ஒரு பரப்புக் காணியும் கொடுக்கமுடியாது என்று நீங்கள் சொல்லத் தொடங்கினால், அப்போது அந்த நல்ல ஆசையை மாம்சம் தன் மண்வெட்டியாக எடுத்துக்கொண்டது என்று அறியுங்கள். மாம்சம் பெரும்பாலும் நல்ல காரணங்களைச் சொல்லித்தான் வேலை செய்கிறது. தன் குடும்பம், தன் சபை, தன் பிள்ளை என்ற பெயர்களில் அது வரும்போது அதை அடையாளம் காண்பது குடியை அடையாளம் காண்பதைவிடக் கடினம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் சில இடங்களில் தவறாகப் போதிக்கப்படுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்பாகத் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் யாருக்காவது, பழையதை மறந்து ஆவிக்குரியவளாக இரு, இது உலகப்பிரகாரமான பற்று என்று ஆலோசனை சொல்லப்பட்டால், அந்த ஆலோசனைக்கு வேதத்தில் இடமில்லை. ரோமர் எட்டாம் அதிகாரத்தில் ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. அந்தத் தாயின் பெருமூச்சில் ஆவியானவர் இருக்கிறார் என்றே நான் அந்த வசனத்தை வாசிக்கிறேன்.

இப்போது உங்கள் காணிக்கு வருகிறேன். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணிகள் துண்டு துண்டாகச் சிதறிப் போகக்கூடாது என்பது அந்தச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதனால் அனுமதிப்பத்திரக்காரர் தமக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளர் ஒருவரை நியமிக்கும் வழக்கம் வந்தது. நியமிக்காமல் இறந்தால், அதன் மூன்றாம் அட்டவணைப்படி ஆண் பிள்ளைகளுக்கும் அவர்களுள் மூத்தவருக்கும் முன்னுரிமை என்பதே நெடுங்காலம் இருந்த ஏற்பாடு. வன்னியில் அண்ணன் தம்பி பிணக்குகளில் பாதிக்குக் காரணம் இதுதான் என்று சொன்னால் அது மிகைப்பேச்சாக இருக்கலாம், ஆனால் பொய்யாக இராது. உங்கள் தகப்பனார் உயிரோடு இருந்த காலத்தில் அந்த வயலில் இரண்டு பிள்ளைகளும்தான் இறங்கிப் புல்லுப் பிடுங்கினார்கள், வரப்புக் கட்டினார்கள். சட்டம் ஒரு பெயரை எழுதிக்கொண்டது. ஆகவே உங்களிடம் உள்ள பத்திரம் சட்டப்படி செல்லுபடியாகும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பவுல் கலாத்தியருக்குச் சொல்வது இந்த இடத்தில்தான் உங்களைத் தொடுகிறது. ஆவியினால் நடத்தப்படுகிறவர்கள் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்களல்ல என்று அவர் சொல்வதைச் சிலர் சட்டத்தை மீற அனுமதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. சட்டம் எவ்வளவு கேட்கிறதோ அந்த அளவோடு நின்றுவிட ஆவிக்குரியவனுக்கு இடமில்லை என்பதே அதன் கருத்து. சட்டத்துக்கு உட்பட்டு ஒருவன் தன் சகோதரனை முழுமையாகக் கைவிடலாம், எந்த நீதிமன்றமும் அவனைப் பிடிக்காது. பிரதேச செயலகத்தின் காணிக் கிளையும் அவனிடம் எதுவும் கேட்காது. அதே அதிகாரத்தில் சற்று முன்னே அவர் சொன்னது இது: சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்டீர்கள், ஆனால் இந்தச் சுயாதீனத்தை மாம்சத்துக்கு ஏதுவாக அநுசரியாமல் அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள். சட்டம் உங்களுக்குத் தந்திருப்பது ஒரு சுயாதீனம். அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. சட்டம் உங்கள் பக்கம் என்பதால் பாவமில்லை என்று உங்களுக்குச் சொன்னவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம், ஆனால் கலாத்தியர் நிருபம் எதை எதிர்த்து எழுதப்பட்டதோ அதையே அவர் உங்களுக்கு ஆறுதலாகத் தந்துவிட்டார்.

லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் உங்கள் வழக்கே இருக்கிறது. ஆஸ்தியில் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று ஒருவன் ஆண்டவரிடம் கேட்கிறான். என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று அவர் மறுத்துவிடுகிறார். கேட்டவன் தம்பியாக இருந்திருக்கக்கூடும், அதனால் அவர் மறுத்தது உங்களுக்குச் சாதகம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உடனே அவர் பொருளாசையைக் குறித்து எச்சரித்துவிட்டு, நிலம் நன்றாய் விளைந்த ஒரு மனிதனுடைய கதையைச் சொல்கிறார். அந்தக் கதையில் ஒரு விடயத்தை நான் வயதான பிறகுதான் கவனித்தேன். அவன் யாரோடும் பேசுவதில்லை. விளைச்சலை எங்கே வைப்பது என்று தனக்குள்ளே யோசிக்கிறான், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் தனக்குள்ளே முடிவெடுக்கிறான், கடைசியில் தன் ஆத்துமாவோடேயே பேசிக்கொள்கிறான். அவ்வளவு நெல்லைக் கொண்டாட அவனுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான்கு வருடங்களாகக் காலபோகம் அறுத்து முடித்த அன்று இரவு உங்கள் முற்றத்தில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு நியாயமான மறுப்பு எழும். கொரிந்தியர் நிருபத்தில் வழக்காடுவதைவிட அநியாயத்தைச் சகிக்கலாமே என்று பவுல் கேட்கிறாரே, அப்படியானால் காணிக்காக யாரும் குரல் எழுப்பக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வசனம் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடிய சபைச் சகோதரரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு போய், 2017இல் படையினர் வசம் இருந்த தங்கள் சொந்த நிலத்தைக் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்த கேப்பாப்புலவு மக்களிடமோ, கணவனை இழந்தபின் பத்திரமும் இழந்து நிற்கும் பெண்ணிடமோ வாசித்துக் காட்டுவது வேதத்தை ஏழைக்கு எதிராகத் திருப்புவதாகும். விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்படவேண்டியவர் யாரிடம் பெர்மிட் இருக்கிறதோ அவர். உங்கள் விடயத்தில் அது நீங்கள். ஆபிரகாமும் லோத்தும் பிரிந்த கதையிலும் எந்தப் பக்கம் வேண்டும் என்று முதலில் தெரிவுசெய்யும் உரிமையை மூத்தவர்தான் இளையவனுக்குக் கொடுத்தார்.

ஆவியைப் பெற்ற பிறகும் ஏன் கொதிக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். ஆவியில் நிறைந்து அந்நிய பாஷை பேசினேன், அழுதேன், உடம்பு நடுங்கியது, அப்படியிருந்தும் இப்படியா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அனுபவத்தை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் அது அளவுகோல் அல்ல. கொரிந்து சபையில் அந்நிய பாஷைக்குக் குறைவில்லை, வரங்களுக்குக் குறைவில்லை. அவர்களைப் பார்த்தே பவுல், உங்களுக்குள் பொறாமையும் வாக்குவாதமும் பேதகங்களும் இருக்கிறபடியால் நீங்கள் மாம்சத்துக்குரியவர்களல்லவா என்று கேட்டார். மாம்சத்தின் கிரியைகள் என்று பன்மையில் சொன்னவர், ஆவியின் கனி என்று ஒருமையில் சொல்கிறார் என்பதும் கவனிக்கத் தக்கது. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்ற ஒன்பதும் ஒரே குலையில் உள்ளவை. இச்சையடக்கத்தை மட்டும் ஆய்ந்து எடுத்துக்கொண்டு சமாதானத்தை மரத்திலேயே விட்டுவிட முடியாது. நம் காட்டுப் பாலை மரத்தைப் பாருங்கள். அது வளர்வதே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெதுவாகத்தான் பருக்கும். ஆனால் பழக்காலம் வந்தால் கரடியும் குரங்கும் மனிதரும் அதன் கீழே கூடிவிடுகிறார்கள். கனி என்பது மரத்துக்காக அல்ல, வந்து பறிக்கிறவர்களுக்காக என்பதைப் பவுல் சொல்லவில்லைதான். நான் அப்படி வாசிக்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள்.

நடத்தல் என்ற சொல்லுக்கும் இதில் பங்கு உண்டு. பதினாறாம் வசனத்தில் "நடந்துகொள்ளுங்கள்" என்று வருவது பொதுவாக நடப்பதைக் குறிக்கும் சொல். இருபத்தைந்தாம் வசனத்தில், ஆவியினாலே பிழைத்திருந்தால் ஆவிக்கேற்றபடி நடக்கவும் கடவோம் என்னும் இடத்தில் மூலத்தில் வேறொரு சொல் இருக்கிறது. அது வரிசை என்ற சொல்லிலிருந்து பிறந்தது, முன்னே போகிறவரின் அடியைப் பார்த்து வரிசையில் அடிவைத்துப் போவது என்று அதை விளங்கிக்கொள்ளலாம். மீள்குடியேற்றத்தின் தொடக்க நாள்களை நினைத்துப் பாருங்கள். மிதிவெடி அபாயம் என்ற சிவப்புப் பலகை இருந்த இடங்களில், துப்புரவு செய்து அடையாளமிட்ட ஒற்றையடிப் பாதையில், முன்னே போனவர் கால் வைத்த இடத்திலேயே நாமும் கால் வைத்து விறகுக்கும் தண்ணீருக்கும் போனோம். இரண்டு பக்கமும் ஆபத்து இருந்தது, பயமும் இருந்தது. ஆனாலும் அடி தவறாமல் போனால் வீடு வந்து சேர்ந்தோம். ஆவிக்கேற்றபடி நடத்தல் என்று பவுல் சொல்வது அந்த மாதிரி நடைதான். கோபம் உள்ளே இல்லாமற்போகும் வரைக்கும் காத்திருந்துவிட்டு நடக்கத் தொடங்குவதல்ல, கோபம் இருபக்கமும் புதைந்திருக்கும்போதே ஆவியானவர் வைக்கச் சொல்லும் அடுத்த அடியை வைப்பது. கொதிப்பு இருப்பதால் நீங்கள் ஆவியைப் பெறவில்லை என்று ஆகாது. அந்த வாசிப்பைக் கேட்டு மனம் இருப்புக்கொள்ளாமல் போவதே அவர் உங்களுக்குள் வேலை செய்கிறார் என்பதற்கு அடையாளம் என்பேன். மரத்துப்போன மனம் இந்தக் கடிதத்தை எழுதியிராது.

உபவாசத்தை விடவேண்டாம். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை மிச்சமாகும் நேரத்தை எதற்குச் செலவிடலாம் என்று யோசியுங்கள். ஐந்தாம் அதிகாரத்தோடு பவுலின் பேச்சு முடியவில்லை, ஆறாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் அது தொடர்கிறது. குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்கிறார். சீர்பொருந்தப்பண்ணுதல் என்பதற்கு அவர் எழுதிய சொல்தான், யாக்கோபும் யோவானும் படவில் இருந்து வலைகளைப் பழுதுபார்த்தார்கள் என்று மாற்கு சொல்லும் இடத்திலும் வருகிறது. முல்லைத்தீவுக் கரையில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிழிந்த இடத்தை ஒரே இழுவையில் இழுத்துக் கட்டினால் வலை சுருங்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் ஓரத்திலிருந்து கண் கண்ணாகப் பின்னிக்கொண்டு வருவார்கள். நான்கு வருடக் கிழிசலையும் ஒரே நாளில் காணிப் பேச்சோடு இழுத்துக் கட்டப் பார்க்காதீர்கள்.

முதல் நாள் காணியைப் பற்றிப் பேசாமல் போங்கள். உங்கள் தம்பி முகாமில் இருந்த காலத்தைப் பற்றி நீங்கள் அவரிடம் எப்போதாவது கேட்டதுண்டா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை, அதைக் கேளுங்கள். அவர் முதலில் ஏசினால் ஏசட்டும். பிறகு ஒரு நாளில், பெர்மிட் காணியைச் சட்டப்படி பிரிக்க அனுமதி கிடைக்குமா என்பதை இருவருமாகப் பிரதேச செயலகத்தில் போய் விசாரியுங்கள். தனியாகப் போய் அறிந்துவந்து அவருக்குச் சொல்லவேண்டாம், சேர்ந்து போவதில்தான் காரியம் இருக்கிறது. பிரிக்க முடியாதென்று சொன்னால், ஒரு போகம் நீங்களும் ஒரு போகம் அவருமாகச் செய்வதோ, சேர்ந்து செய்து விளைச்சலைப் பங்கிடுவதோ நம் ஊரில் புதிதல்ல. எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டவரே பங்கிடுகிறவராக இருக்க மறுத்த இடத்தில் நான் உட்காருவது சரியல்ல.

கொடுத்துவிட்டால் தம்பி மாறிவிடுவார் என்று நான் உறுதியும் தரமாட்டேன். பவுல் விதைப்பைப் பற்றித்தான் ஆறாம் அதிகாரத்தில் பேசுகிறார்: மாம்சத்துக்கென்று விதைக்கிறவன், ஆவிக்கென்று விதைக்கிறவன், நன்மை செய்வதில் சோர்ந்துபோகாமல் இருங்கள், ஏற்றகாலத்தில் அறுப்போம். புரட்டாதியில் மானாவாரி வயலில் புழுதி விதைப்புச் செய்கிறவர் மழை வருமென்ற நிச்சயத்தோடு விதைப்பதில்லை. ஆனாலும் விதைக்கிறார், மழை வந்தபின் விதைப்போம் என்று இருந்தால் காலம் பிந்திவிடும் என்பதனால்.

காலபோக அறுவடை முடிந்து புதிரெடுக்கும் நாள் தூரத்தில் இல்லை. காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரம் சொல்கிறதே, ஆலயத்துக்குக் கொண்டுபோகிற புதுநெல்லைச் செலுத்துவதற்கு முதல் அதில் ஒரு மூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுப் படலைக்குப் போங்கள். உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சித்தப்பாவின் முகத்தை அவள் பார்த்து நான்கு வருடம் ஆகிறது.